மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கழுத்தில் மாட்டப்படும் பலகை குறித்து

அனுப்புநர்:
தெய்வநாயகி,
உதவி உபாத்தியாயினி,
ஆரம்பப் பாடசாலை, கோணங்காட்டூர்,
ஆட்டையாம்பட்டி வழி, சேலம் ஜில்லா.

பெறுநர்:
பாடசாலைகளின் டெபுடி இன்ஸ்பெக்டர் அவர்கள் சமுகம்,
சேலம்.

பொருள்: தமிழ் வகுப்பில் வீட்டு மொழி பேசும் பிள்ளைகளுக்குப் பலகை மாட்டுவதை நிறுத்த உத்தரவு வேண்டுதல்.

மேன்மை தங்கிய ஐயா,

1. இந்த விண்ணப்பத்தைப் பலமுறை எழுதிக் கிழித்துவிட்டேன். தலைமை உபாத்தியாயர் மூலமாக அனுப்புவதே முறை என்பதை அறிவேன். அவருடைய ஏற்பாட்டைப் பற்றியே எழுத வேண்டியிருப்பதால் நேரே அனுப்புகிறேன். பொறுத்தருள வேண்டும்.

2. நான் நடத்திவந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தேவாங்கர் தெருவிலிருந்து வருகிறவர்கள். அவர்களுக்கு வீட்டிலும் தறியடியிலும் கன்னடம், கடைத்தெருவில் தமிழ். காலையில் ஒரு பிள்ளை தன் வீட்டில் நடந்ததைத் தனக்கு வந்த மொழியில் சொல்லும். இன்னொரு பிள்ளை அதைத் தமிழில் சொல்லும். பிறகு எல்லோரும் சிலேட்டில் எழுதுவார்கள். இதுவே நான் கைக்கொண்ட வழி. நெசவுக்காகத் தெருவில் நீட்டியிருந்த பாவு நூலை ஆட்டுக்குட்டி மென்ற கதையைத் தமிழில் சொல்ல, நான் முந்தி நீ முந்தி என்று அடித்துக்கொண்டார்கள். சத்தம் இருந்தது, மறுக்கவில்லை. தலைமை உபாத்தியாயர் ஸ்ரீ அருணகிரி வாசலில் வந்து நின்று, "ஏனுங்கம்மா, இது பள்ளிக்கொடமுங்களா, சந்தைங்களா?" என்றார். பிள்ளைகளோடு நானும் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

3. அவர் கொடியவர் அல்ல. சென்ற வருஷப் பரிசோதனையில் "தமிழில் பிறமொழிக் கலப்பு மிகுதி" என்று தாங்கள் எழுதியதிலிருந்து அவருக்கு நிம்மதி இல்லை. இந்த வருஷம் பள்ளி திறந்து சில வாரங்களில் தறிநூலில் கோத்த ஒரு பலகையைக் கொண்டுவந்தார். கன்னடம் பேசிய பிள்ளையின் கழுத்தில் அது ஏறும். வேறொரு பிள்ளை, எந்த வகுப்பானாலும், அப்படிப் பேசுவதைக் கேட்டுப் பிடித்துக்கொடுத்தால் பலகை அங்கே மாறும். மாலை மணியடிக்கும்போது எவர் கழுத்தில் இருக்கிறதோ அவருக்குப் பிரம்படி. நான் ஆட்சேபித்தேன். பள்ளியின் ஒழுங்கு தம்முடைய பொறுப்பு என்றார்.

4. புரட்டாசியில் தாங்கள் வந்தபோது வகுப்பு ஓசையின்றி இருந்தது. முன்வரிசைச் சிறுமியிடம், "உன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று அன்பாகக் கேட்டீர்கள். அவள் தலை குனிந்தாள். அடுத்த பிள்ளையும் அப்படியே. "நல்ல அடக்கம்" என்று பாராட்டிச் சென்றீர்கள். ஐயா, அது அடக்கம் அல்ல. அம்மா என்று சொல்ல வேண்டிய இடத்தில் வாய் தவறி 'அவ்வா' என்று வந்துவிடுமோ என்ற பயம். அந்தச் சிறுமியின் பெயர் சவுடம்மாள். ஆட்டுக்குட்டிக் கதையைக் கொண்டுவந்தவள் அவள்தான்.

5. அடுத்த வாரம் ஒருநாள் அவள் தாகத்தில் "நீரு பேக்கு" என்று கேட்டுவிட்டாள். தண்ணீர் வேண்டும் என்பது பொருள். பலகை அவள் கழுத்தில் ஏறியது. பிற்பகல் முழுவதும் எவரும் அவள் பக்கத்தில் வாய் திறக்கவில்லை. மணியடிக்கும் நேரம் நெருங்கவே, முதல் வகுப்பில் படிக்கும் தன் தம்பி ராமலிங்கனை வேப்பமரத்தடிக்கு அழைத்துப்போய்த் தொடையில் பலங்கொண்ட மட்டும் கிள்ளினாள். குழந்தை "அவ்வா!" என்று அலறினான். அவள் பலகையைக் கழற்றி அவன் கழுத்தில் மாட்டினாள். பிரம்படி அவனுக்கு விழுந்தது. அவள் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

6. அந்தப் பலகையைக் கழற்றி எடுத்துச்சென்று என் வீட்டு அடுப்பில் வைத்தேன். மறுநாள் கீழ்ப்படியாமைக்காக மூன்றாம் வகுப்பிலிருந்து நீக்கப்பட்டேன். இப்போது முதல் வகுப்பில் அகரம் எழுதிக்கொடுக்கிறேன். புதுப் பலகை வந்துவிட்டது. தடுப்புச் சுவருக்கு அப்பால் மூன்றாம் வகுப்பு இருக்கிறது. ஒரு சத்தமும் கேட்பதில்லை. கரும்பலகையில் பாதி எழுதிவிட்டுக் கை நின்றுபோகிறது. வீட்டிலும் இருப்புக்கொள்ளவில்லை. என்னைப் பழைய வகுப்பில் வையுங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை.

7. ராமலிங்கன் பள்ளிக்கு வருகிறான். சவுடம்மாள் வரவில்லை. தறிக்கு நூல் தார் சுற்ற உட்கார்த்திவிட்டார்கள் போலும் என்று எண்ணி நேற்று அவள் வீட்டுக்குப் போனேன். தார் சுற்றிக்கொண்டுதான் இருந்தாள். அவள் தாய் சென்னம்மாள் ராமலிங்கனைச் சாப்பிடக் கன்னடத்தில் அழைத்தாள். சவுடம்மாள் எழுந்து ஓடிவந்து, என்னைப் பார்த்தபடியே, தாயின் வாயைத் தன் கையால் பொத்தினாள். தாய் அந்தக் கையை விலக்கிவிட்டு என்னைக் கேட்டாள்: "ஏனுங்க வாத்தியாரம்மா, ஊட்டுக்குள்ள பேசுனாக்கூட அடிப்பீங்களாங்க?"

8. இல்லை என்று சொல்லும் அதிகாரம் என்னிடம் இல்லை.

9. ஆகவே, முன்னறிவிப்பின்றி ஒருநாள் மூன்றாம் வகுப்புக்கு வந்து, எந்த மொழியில் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம் என்று தாங்களே கூறிப் பிள்ளைகளைக் கேட்டுப் பார்க்க வேண்டுகிறேன். அதன் பிறகு பலகை தேவையா என்று தாங்களே தீர்மானியுங்கள். அரசாங்கச் சொத்தை எரித்த குற்றத்துக்கு எந்தத் தண்டனையையும் ஏற்றுக்கொள்கிறேன். பலகை கூடாது என்ற உத்தரவை மட்டும் தங்கள் கையெழுத்தில் ஒரு வரியாக அருள வேண்டும். அதை எடுத்துக்கொண்டு சென்னம்மாள் வீட்டுக்குப் போய், பிள்ளைகளிடமிருந்து நான் கற்ற கன்னடத்தில், சவுடம்மாள் காதுபட உரக்கப் படித்துக் காட்டுவேன்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
தெய்வநாயகி

இடம்: கோணங்காட்டூர்
நாள்: யுவ வருஷம் ஐப்பசி மாதம் (6-11-1935)