அப்பா இறங்கும் வழி

விட்லோ, ஹெரிஃபோர்ட்ஷயர்
மே 6, 1934

அன்புள்ள சைலஸ் அண்ணாவுக்கு,

கவென்ட்ரியில் தொழிற்சாலைப் புகைக்கு நடுவே நீ சுகமாக இருக்க வேண்டும்.

பனிக்காலத்தில் வாதக் காய்ச்சலோடு தானாகவே மேல் அறைக்கு ஏறிப் போனவர் அப்பா. காய்ச்சல் விட்டது; முழங்கால் இரண்டும் கட்டையாகிவிட்டன. நம் படிக்கட்டோ புகைபோக்கியைச் சுற்றி நத்தை ஓடு மாதிரி. மடங்காத காலோடு அதில் இறங்க முடியாது. இப்படியே படுத்திருந்தால் அடுத்த குளிரைத் தாங்க மாட்டார் என்கிறார் வைத்தியர்.

மேல் அறைத் தரையில் உத்தரங்களுக்கு நடுவே ஆணி அடிக்காத நான்கு பலகைகள் இருக்கின்றனவே, அவற்றை எடுத்துவிட்டு நாற்காலியில் கயிறு கட்டி இறக்கலாம் என்றார் கொல்லர் ஜாப். அப்பா கத்தினார்: "அது பொணம் போற வழி ஜாப்பு! உசுரோட எவனும் அதுல எறங்குனதில்ல."

அம்மாவையும் அந்த வழியாகத்தானே இறக்கினோம். நீ வந்து சொன்னால் கேட்பாரோ?

உன் தங்கை,
ஃபீபி


கவென்ட்ரி
மே 11

அன்புத் தங்கை ஃபீபிக்கு,

நான் வந்தால் அவர் இறங்க மாட்டார், குதித்தே விடுவார். குதிரைகளை விட்டு மோட்டார் செய்யப் போனவன் இந்த வாசற்படியைத் தாண்டக் கூடாது என்று சொன்னவர் அவர். நல்ல கயிறாக வாங்கி அனுப்புகிறேன். ஜாப்பே பிடிக்கட்டும். அப்பா தன் வாயால் கூப்பிட்டால் மட்டும் வருவேன்.

உன் அண்ணன்,
சைலஸ்


விட்லோ
மே 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ! "கயிறு அனுப்புறானா? பெரிய தொரை!" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் கஞ்சி கொண்டுபோனபோது அவராகவே ஆரம்பித்தார். "கால முன்னால நீட்டிப் படுத்துக்கிட்டு வரமாட்டேன். பொணந்தான் அப்படிப் போகும். ஒக்காந்து, தொப்பி போட்டு, பொகையிலைச் சுங்கானைப் பத்தவெச்சுக்கிட்டுத்தான் எறங்குவேன்."

"சரிப்பா."

"கயித்த யாரு புடிக்கிறது?"

"ஜாப்."

"அவனா? விடியறப்பவே ஆப்பிள் கள்ளுல மெதக்குறவன். என்னைப் பொணமாவே எறக்கிருவான்."

கஞ்சியைப் பாதி குடித்தார். பிறகு போர்வையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்தக் கவென்ட்ரிக்காரன் புடிச்சா எறங்குறேன்னு எழுது."

"வாசப்படி தாண்டக் கூடாதுன்னீங்களே?"

"பின்கதவைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலியே."

ஒரு சொல்கூட மாற்றாமல் எழுதியிருக்கிறேன். பலகைகளை இன்றே எடுத்துவிட்டேன். அடுப்பில் கொதிப்பதெல்லாம் நேரே மேலே மணக்கிறது. "உப்பு பத்தாது" என்று அங்கிருந்தே சத்தம் போடுகிறார்.

சனிக்கிழமை வா. பின்கதவு நிலை தாழ்வு, குனிந்து வா.

ஃபீபி