பொய்க் கலவை

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், இருப்பீர்கள் என்றுதான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். இங்கே என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, முட்டிவலி மட்டும் மழை வந்தால் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. உன் அப்பாவும் நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகத் தூங்குகிறார், பார்ப்பவர்களுக்கு ஆள் கல்லுக்குண்டு மாதிரித்தான் இருக்கிறார். எல்லோரும் நலம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடலாம் என்றுதான் பார்த்தேன், பேனா நகரமாட்டேன் என்கிறது. ஃபோனில் சொல்லலாமே என்பாய். நான் ஃபோனை எடுத்தாலே அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கரில் போடு, ஸ்பீக்கரில் போடு என்று பிடுங்குகிறார், ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆளைப் பற்றி எப்படிப் பேசுவது சொல். அதனால்தான் மதிய இடைவேளையில் என் வகுப்பிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். என் மாணவிகள் சாப்பிடப் போயிருக்கிறார்கள், முடி வெட்டிப் பழகுகிற பொம்மைத் தலைகள் எல்லாம் வரிசையாக என்னையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. அதுகளுக்காவது நான் அழுதால் ஏன் என்று கேட்கத் தெரியாது.

நீ அனுப்பிய போட்டோ வந்தது. குட்டி வளர்ந்துவிட்டாள், கண் அப்படியே உன் கண். உன் தலையை யாரடி இப்படி வெட்டியது, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி, என்னிடம் நேற்றுச் சேர்ந்த பிள்ளைகூட இதைவிட ஒழுங்காக வெட்டும், இனிமேல் அந்தக் கடை வாசலை மிதிக்காதே. முதுகுவலி என்று சொன்னாயே, நாற்காலியில் ஒரு தலையணை வைத்துக்கொள், குட்டியை எப்போது பார்த்தாலும் ஒரே இடுப்பில் தூக்காதே. சரி, சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன், நேரமும் இல்லை.

எங்கள் கல்லூரியில் வெளியாட்களுக்குச் சுற்றிக் காட்டுகிற நாள் ஒன்று வருஷா வருஷம் வரும், உனக்குத் தெரியும். படிப்பைப் பாதியில் விட்டவர்கள், வேலை போனவர்கள், பிள்ளை பெற்று வளர்த்துவிட்டு இனிமேல் என்ன செய்யலாம் என்று யோசிக்கிறவர்கள் எல்லோரும் வருவார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போகிற வேலை எப்போதும் உன் அப்பாவுக்குத்தான், வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். கேட்டில் ஆரம்பிப்பார். இது துணிக்குச் சாயம் போடுகிற மில்லாக இருந்தது, அன்றைக்கு என்ன சாயமோ பின்னால் ஓடுகிற வாய்க்காலும் அந்த நிறம் என்பார். மில்லை மூடியபோது வேறு தொழில் தெரியாத அத்தனை பேரும் இந்த வாசலில்தான் நின்றார்கள், மெஷின்களைப் பார்த்துக்கொண்ட இன்ஜினியரிடம் சாவி இருந்தது, அதைத் திருப்பி வாங்க முதலாளிக்கு மறந்துபோனது, அந்த மனுஷன் யாரையும் கேட்காமல் சாயக் கொட்டகையைத் திறந்து சாயங்காலத்தில் ஃபிட்டர் வேலை சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார், அதுதான் கல்லூரி பிறந்த கதை என்பார். விஷயம் தெரிந்து பூட்ட வந்த அதிகாரிகள் உள்ளே நிற்கிற கூட்டத்தைப் பார்த்துவிட்டுப் பூட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள், அடுத்த தடவை வந்தபோது கல்லூரி என்று எழுதிய போர்டோடு வந்தார்கள் என்று சொல்லி ஒரு நிமிஷம் நிறுத்துவார், கூட்டம் சிரிக்கும். அப்புறம் முற்றம், தச்சுப் பட்டறை, வாசனையை வைத்தே கண்டுபிடித்துவிடக்கூடிய பேக்கரிப் பிரிவு. கடைசிக்கு முன்னால் என் வகுப்பு. இது பாய்லர் இருந்த அறை, பெண்களையும் சேர்க்கலாம் என்று முடிவானதும் இங்கே முடிதிருத்தும் பிரிவு வந்தது, வெளிச்சத்துக்காகச் சுவரை உடைத்து இந்த ஜன்னலை வைத்தவன் நான்தான், வைத்துவிட்டு அதன் வழியாக எட்டிப் பார்த்தேன், இந்த அம்மா கத்தரிக்கோலோடு நின்றார்கள், அன்றைக்கே நான் காலி என்பார். இத்தனை வருஷமாக எனக்கு மானம் போகிறது, இத்தனை வருஷமாக அதே இடத்தில் நானும் சிரிக்கிறேன்.

இந்தத் தடவையும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, ஒரு வார்த்தை பிசகவில்லை. அவருடைய கட்டுமானப் பட்டறையில் கொண்டுபோய் முடித்தார், எல்லோரும் கைதட்டினார்கள். உடனே வாங்க வாங்க, கேட்டிலிருந்து ஆரம்பிப்போம் என்று அதே கூட்டத்தைத் திரும்பவும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஏதோ வேடிக்கை என்று நினைத்து அவர்களும் பின்னாலேயே போயிருக்கிறார்கள். என் ஜன்னல்கிட்டே வந்து மறுபடியும் அன்றைக்கே நான் காலி என்றபோது ஒருத்தரும் சிரிக்கவில்லை, கூட்டத்தில் ஒரு பெண் என்னையே பார்த்தாள், அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. நான்தான் அவசரமாக, சாருக்குக் கல்லூரி மேலே அவ்வளவு பாசம், ஒரு தடவை சொன்னால் போதாது என்று சிரித்துச் சமாளித்தேன்.

அப்புறம்தான் அந்தச் சுவர். அப்பாவின் பட்டறையில் இரண்டு தொட்டி இருக்கும், ஞாபகம் இருக்கிறதா, சின்ன வயதில் நீ இரண்டிலும் இறங்கி விளையாடி அடி வாங்கியிருக்கிறாய். ஒன்று பொய்க் கலவை, ஒன்று மெய்க் கலவை. பொய்க் கலவையில் சிமென்ட் கிடையாது, மணலும் சுண்ணாம்பும் மட்டும். பழகுகிறவர்கள் அதை வைத்துத்தான் கட்டுவார்கள், டெர்ம் முடிந்ததும் எல்லாச் சுவரையும் இடித்து, செங்கல்லைக் கழுவி அடுக்கினால் அடுத்த டெர்முக்கு வருகிறவர்களுக்கு ஆகும். பார்க்க நிஜச் சுவர் மாதிரியே நிற்கும், அதுதான் அதில் இருக்கிற ஆபத்து. பேக்கரிக்குப் பின்னால் படிக்க வருகிற தாய்மார்களின் பிள்ளைகளுக்கு ஒரு காப்பகம் திறந்திருக்கிறார்கள். என் வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேரின் பிள்ளைகள் அங்கேதான் இருக்கின்றன. விளையாடுகிற இடத்துக்குச் சுற்றுச்சுவர் வேண்டும், நம் மாணவர்களே கட்டட்டுமே என்றார் பிரின்சிபல் அம்மா. உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ரசமட்டம் வைத்து, நூல் பிடித்து, ஒரு செங்கல் முன்னே பின்னே இல்லாமல் கட்டிவைத்தார், உனக்குக்கூட போட்டோ அனுப்பினாரே, அதே சுவர்தான்.

முதல் பெரிய மழை பெய்தது. பேக்கரி வாத்தியார், நாம் ரொட்டி மாமா என்போமே அவர்தான், ஜன்னலைச் சாத்த வந்தவர் சுவருக்குக் கீழே பால் மாதிரித் தண்ணீர் ஓடுவதைப் பார்த்திருக்கிறார். என்னடா இது என்று இறங்கிப்போய் விரலால் சுரண்டினால் கலவை கொழகொழவென்று வருகிறது, செங்கல்லைத் தொட்டால் செங்கல் கையோடு வருகிறது. ஒரு கையில் செங்கல், இன்னொரு கையில் மாவு, அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு ஓடிவந்து என் வாசலில் நின்று அந்தச் செங்கல்லை நீட்டினார். பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது, அது பொய்க் கலவை. மழை என்பதால் பிள்ளைகள் எல்லாம் உள்ளே இருந்தன. வெயில் அடித்திருந்தால், ஒன்று ஓடிப்போய்ச் சாய்ந்திருந்தால், நான் இதற்கு மேல் எழுதவில்லை. அத்தனை பிள்ளைகளையும் என் வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம், ரொட்டி மாமா ஆட்களைக் கூட்டிப்போய்ச் சுவரைக் கையாலேயே இறக்கிவிட்டார்.

கட்டிய மாணவர்களைக் கேட்டால், நாங்க மெய்தான் கலந்து வெச்சோம், சார்தான் வந்து பார்த்துட்டு இதைக் கொட்டிட்டு பொய் கலங்கடான்னார், சார் சொன்னா ஏதாவது காரணம் இருக்கும்னு நினைச்சோம் என்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா, அவரை எதிர்த்துக் கேள்வி கேட்ட ஆள் அந்தப் பட்டறையில் உண்டா. நேரே அவரிடம் போனேன். யாரோ கட்டிய மூலைக்குத் தூக்குக்குண்டு பிடித்துக்கொண்டிருந்தார். ஏங்க, காப்பகத்துச் சுவருக்கு எதற்குப் பொய்க் கலவை போட்டீங்க என்று கேட்டேன். ஒரு துளி யோசிக்கவில்லை. டெர்ம் முடிஞ்சா இடிக்கணும்ல, மெய்க் கலவை போட்டுட்டா எவன் உட்கார்ந்து இடிக்கிறது என்று சிரித்தார். அது குழந்தைகள் விளையாடுகிற இடமாச்சே என்றேன். எந்தக் குழந்தைங்க என்றார்.

டாக்டரிடம் காட்டினோம். மாத்திரை இருக்கிறது, போகிற ஞாபகத்தைக் கொஞ்சம் மெதுவாகப் போகவைக்கும், போனதைத் திருப்பித் தராது என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். பிரின்சிபல் அம்மா வீட்டுக்கே வந்தார். நினைத்திருந்தால் அன்றைக்கே உன் அப்பாவை வெளியே அனுப்பியிருக்கலாம், யார் கேட்பது. டீ குடித்தார், மழையைப் பற்றிப் பேசினார், வந்த விஷயம் வாயில் வரவே இல்லை. கிளம்பும்போது வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, சார் எப்ப வேணாலும் வரட்டும் உட்காரட்டும், ஆனா இனிமே வகுப்பு எடுக்க வேண்டாம், நீங்களே சொல்லிடுங்கம்மா, எனக்கு அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ற தைரியம் இல்லை என்றார். இதற்குள் அப்பாவின் மாணவர்கள் ஒரு லீவு நாளில் வந்து சத்தமில்லாமல் அதே சுவரை மெய்க் கலவையில் எழுப்பிவிட்டார்கள். இவர் அந்த வழியாகப் போனபோது பார்த்துவிட்டு, எப்படிக் கட்டியிருக்கேன் பார்த்தியா என்று என்னிடம் பெருமை அடிக்கிறார். ஆமாங்க என்றேன், வேறு என்ன சொல்ல.

நான்தானே சொல்ல வேண்டும், சொன்னேன். சாயங்காலம் பக்கத்தில் உட்காரவைத்துப் பதமாக எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். எந்தக் குழந்தைக்காவது அடிபட்டதா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அப்ப அவங்க செய்யறது சரிதான், இதுல தப்புப் பண்றவன் கையில கொத்துக்கரண்டி இருக்கக் கூடாது என்றார். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். இந்த மனுஷன் அழுதார் என்று நீ என்றைக்காவது கேள்விப்பட்டிருக்கிறாயா. போகட்டும், பெரிய பாரம் ஒன்று இறங்கியது, இனிமேல் மெதுவாகத் தேற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். காலையில் பார்த்தால் முகம் மழித்து, சட்டையைப் போட்டுக்கொண்டு, டிபன் பாக்ஸோடு வாசலில் நிற்கிறார். என்ன இன்னும் கிளம்பலையா, வகுப்புக்கு நேரமாச்சு என்கிறார். விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன், விளையாட்டு இல்லை. திரும்பவும் உட்காரவைத்துச் சொன்னேன். எந்தக் குழந்தைக்காவது அடிபட்டதா என்று கேட்டார். அதே பதில், அதே துண்டு, அதே அழுகை. மறுநாளும் இதே கதைதான். அவருக்கு ஒவ்வொரு தடவையும் அன்றைக்குத்தான் முதன்முதலாக வேலை போகிறது. தினமும் எழுந்து நானே அந்த மனுஷனை இடித்துத் தள்ளுகிறேன், என்ன பாவம் இது சொல். என்னால் முடியவில்லை, நிறுத்திவிட்டேன். இப்போது தினமும் என்னோடுதான் கிளம்பி வருகிறார். இவர் இடத்துக்கு வந்த சின்ன வாத்தியார் பாடம் நடத்துகிறார், இவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தலையை ஆட்டுகிறார், பிள்ளைகளும் மரியாதைக்கு இவரிடம் இரண்டு சந்தேகம் கேட்கிறார்கள். இந்த டெர்மோடு இந்தப் பிள்ளைகள் போய்விடுவார்கள். அடுத்து வருகிறவர்களுக்கு இவர் யாரென்று தெரியாது, ஓரமாக உட்கார்ந்திருக்கிற ஒரு வயசானவர், அவ்வளவுதான். யாராவது ஒருத்தன் நீங்க யாரு என்று வாய்தவறிக் கேட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கையைப் பிசைந்துகொண்டு திரிகிறேன். அவரைத் தனியாக வீட்டில் விடவும் பயம், நான் வேலையை விடவும் வழி இல்லை. எதைத் தொட்டாலும் முட்டுகிறது.

உனக்கு எழுதும்போதெல்லாம் எங்களைப் பற்றிக் கவலைப்படாதே, உன் வேலையைப் பார், அலையாதே என்றுதான் எழுதுவேன். இந்தத் தடவை அப்படி எழுதவில்லை. வா. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்றால் நீயும் குட்டியும் மட்டும் வாருங்கள். நீ வந்து எதையும் சரிசெய்ய முடியாது, அது எனக்குத் தெரியாதா என்ன. போன வாரம் குட்டியின் போட்டோவைக் காட்டினேன், அழகா இருக்கே, யார் வீட்டுக் குழந்தை என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று சும்மா கேட்டேன் என்று சிரித்தார். போட்டோவில் குட்டிக்குப் பக்கத்தில் நின்ற உன்னைத் தொட்டுக் காட்டி, நம்ம குருவி இளைச்சுட்டா என்றார். உன்னை இன்னும் தெரிகிறது கண்ணு, தெரிகிறபோதே வந்துவிடு.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே, இதைப் படித்துவிட்டு அழுதுகொண்டு உட்கார்ந்திருக்காதே, குட்டி பயந்துவிடும். நீங்கள் மூன்று பேரும் குறைவில்லாமல், மனம் கோணாமல், நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் ஒன்று செய். டிக்கெட் போட்டதும் எனக்கு மட்டும் சொல், அப்பாவிடம் மூச்சு விடாதே. முன்கூட்டியே தெரிந்தால் விடிந்ததும் வாசலில் போய் நின்றுகொண்டு குருவி இன்றைக்குத்தானே வருகிறாள் என்று கேட்பார். தினமும் இல்லை என்று சொல்ல என்னிடம் தெம்பு இல்லை.

உன் அம்மா