கயத்தாறு – உளுந்தூர்பேட்டை: ஐம்பது நிமிடம்

12 ஜூன் 2061, காலை 9.10, கயத்தாறு
“தயாரா?” என்று விமானம் கேட்டதும் “ஆமாங்க சார்” என்று எழுந்து நின்றுவிட்டேன். இருக்கை வார் போட்டிருந்தது மறந்துபோயிற்று. பேண்ட் பொத்தான் தெறித்து எங்கோ ஓடியது. நல்லவேளை, பார்க்க ஆளில்லை. இது விமானி இல்லாத சரக்கு விமானம். சட்டப்படி ஒரு மனிதர் உள்ளே உட்கார்ந்து குறிப்பு எழுத வேண்டும். அந்த மனிதர் சுடலைமணியாகிய நான். பத்தாம் வகுப்பு, இரண்டாம் முயற்சி. சரக்கு: மருந்துப் பெட்டிகள். தூரம் 346 கி.மீ. உளுந்தூர்பேட்டைக் கட்டுப்பாட்டு அறையில் என் மகள் முத்துப்பேச்சிக்கு வேலை. முழுகாமல் இருக்கிறாள், இப்போது ஏழு மாதம்.

9.44
மீதித் தூரம் 108 கி.மீ. நிமிடத்துக்கு ஏழு போகிறோம். மின்கலம் 46%. எல்லாம் சரி.

9.52
மீதித் தூரம் 108. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். 108தான். வேகம் குறையவில்லை. கீழே அதே ஏரி, அதே கல்குவாரி.
மகள் ரேடியோவில்: “எப்பா, ராடார்ல ஒரே எடத்துலயே நிக்கியளே. எறங்கி டீ குடிக்கியளா?”
நான்: “ஆமாட்டி, வடை வரட்டும்னு நிக்கேன்.”

9.59
கட்டுப்பாட்டு அறையிலிருந்து விமானத்தைக் கயத்தாறு பக்கமே திருப்பிப் பார்த்தார்கள். கயத்தாறு 238, அதுவும் குறையவில்லை. வானத்தில் இந்த இடத்தில் தூரம் நீண்டுகொண்டே போகிறதாம், படித்தவர்கள் சொல்கிறார்களாம். நாங்கள் ஏழு கடந்தால் அதுவும் ஏழு நீள்கிறது. கீழ்நோக்கிய தூரம் மட்டும் நீளவில்லை, இறங்கினால் தரை வரும். ஆனால் ஓடுதளம் தெரியாமல் இந்த விமானம் இறங்காது. கெஞ்சியும் பார்த்தேன். மின்கலம் 22%. தீர்ந்தால் விழ வேண்டியதுதான்.

10.05
12%.
“எப்பா, ஒங்க சீட்டுக்குப் பின்னால பாராசூட் பை இருக்கும். மாட்டிட்டுக் குதிச்சிருங்க. வெளாட்டு வேண்டாம்.”
“சரிட்டி.”
“மாட்டியாச்சா?”
“மாட்டிட்டேன். தொப்பைதான் இடிக்கி.”
சிரித்தாள். சிரிப்போடு அழுகையும் வந்தது. “கீழ ஆம்புலன்ஸ் அனுப்பிருக்கோம். நானும் வாரேன்.”
“வயித்த வச்சிக்கிட்டு ஓடாத தாயி.”

10.11
3%. ஒரு விசிறி நின்றுவிட்டது. கதவருகே நிற்பதாகச் சொல்லிவிட்டு ரேடியோவை அணைத்துவிட்டேன்.
இதைக் கண்டெடுப்பவருக்கு. அவளிடம் நான் வாய்விட்டுச் சொல்லாதது ஒன்று உண்டு. பை இங்கே இல்லை. காலையில் நான் கொண்டுவந்த பலாப்பழத்தோடு எடை போட்டபோது பதினான்கு கிலோ கூடிப்போயிற்று. பையை இறக்கி வைத்துவிட்டு, அந்த இடத்தில் பலாப்பழத்தை வைத்தேன். பலாச்சுளை தின்ன ஆசையாக இருக்கிறது என்று போன வாரம் போனில் சொல்லியிருந்தாள். பலாவுக்கே பேர்போன பண்ருட்டி அவளுக்குப் பக்கத்து ஊர். அங்கே கயத்தாறிலிருந்து பழம் சுமக்கிற ஒரே அப்பன் நான்தான். ஐம்பது நிமிடம்தானே என்று

1%. பை விரியவில்லை என்று மட்டும் அவளிடம் சொல்லுங்கள். பழம் அவள் கண்ணில் படக்கூடா