புத்தூர் இருட்டறைக்கு ஜன்னல் வேண்டாம்

அனுப்புநர்:
ந. பிரேமலதா (வயது 67),
நவநீதன் எக்ஸ்ரே நிலையம் (தற்போது இயங்கவில்லை),
புத்தூர், திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
கட்டட ஆய்வு அலுவலர் அவர்கள்,
வட்டார அலுவலகம், திருச்சிராப்பள்ளி.

பொருள்: இருட்டறைக்கு ஜன்னல் வைக்க வேண்டும், தவறினால் பூட்டப்படும் என்ற அறிவிப்பை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி அறை, என் கணவர் நவநீதன் எக்ஸ்ரே பிலிம் கழுவிய அறை. ஜன்னல் மறந்துபோய் விடுபட்டதல்ல. வெளிச்சம் புகக் கூடாதென்றே வைக்கவில்லை. காற்றுக்கு வளைந்த குழாயும் மின்விசிறியும் உள்ளன.

2. கதவருகே நின்று "வரலாமா?" என்று கேட்பது எங்கள் வழக்கம். "வா லதா" என்று பதில் வந்தால்தான் திறக்கலாம். கையில் காபி ஆறிக்கொண்டிருக்கும். "இரு, ஒரு நிமிஷம்" என்பார். வெளியே பெஞ்சில் பொன்மலை ரயில் பணிமனைக்காரர்கள் கையில் கட்டோடு உட்கார்ந்து சிரிப்பார்கள். உள்ளே போனதும் சிவப்பு விளக்கில் அவர் முகம் தெரியும். எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் ஐயா!

3. ஊரார் எலும்பையெல்லாம் படமெடுத்தவருக்குத் தன் சிறுநீரகம் கெட்டது தெரியவில்லை. கால் வீங்கிய பிறகே தெரிந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

4. ஸ்ரீரங்கத்துப் பெண் மைதிலி, கல்லூரி ஆராய்ச்சி மாணவி. சிறுநீரகம் பழுதாகத் தொடங்கும்போதே சிறுநீரில் கசியும் ஒரு புரதத்தைக் கண்டறியும் கருவி செய்கிறார். பூச்சுப் பூசிய கண்ணாடித் துண்டில் வெளிச்சம் பட்டால் மின்சாரம் துளியூண்டு ஓடும். அந்தப் புரதம் வந்து ஒட்டினால் மின்சாரம் குறையும். அந்தக் குறைவுதான் எச்சரிக்கை. வேறு வெளிச்சம் கலந்தால் கணக்கே தப்பு. பெட்டிக்குள் வைக்கலாமே என்பீர்கள், வைக்கத்தான் செய்கிறார். சிறுநீர்த் துளி விடுவதற்குத் திறந்தாக வேண்டுமே! ஆகவே அறையை நானே கூப்பிட்டுக் கொடுத்தேன். கருவி இன்னும் சோதனையில்தான் உள்ளது.

5. சென்ற செவ்வாயன்று ஆய்வுக்கு வந்த தங்கள் பணியாளர் கதவைப் படாரென்று திறந்து டியூப்லைட்டையும் போட்டுவிட்டார். அன்றைய துண்டுகள் அத்தனையும் வீண். மைதிலி அழுதுவிட்டார். பணியாளரோ, "என்னம்மா, குகை மாதிரி இருக்கு, ஜன்னல் வைங்க" என்று சொல்லி அறிவிப்பை ஒட்டிப் போனார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அறையின் வழக்கம் அவருக்குத் தெரியாது.

6. ஜன்னல் வைத்தால் சோதனை நின்றுவிடும். எனவே அறிவிப்பை ரத்து செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். காற்று போதாதென்றால் இன்னொரு விசிறி என் செலவில் பொருத்துகிறேன்.

7. மறு ஆய்வுக்குத் தாங்களே தாராளமாக வரலாம். கதவருகே நின்று "வரலாமா?" என்று மட்டும் கேளுங்கள். என் கணவர் போன பிறகு நானும் பழக்கதோஷத்தில் அங்கே நின்று கேட்டிருக்கிறேன். பதில் வந்ததில்லை. இப்போது "வாங்கோ மாமி" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வருகிறது. அதை நிறுத்திவிடாதீர்கள் ஐயா.

இடம்: புத்தூர்
தேதி: 14.02.2025

இப்படிக்கு,
ந. பிரேமலதா