சுவருக்குள் போட்ட டயப்பர்

அன்புள்ள அம்மா, இருமல் குறைந்ததா? நான் நலம், குப்பை அள்ளும் வேலையும் நடக்கிறது.

பௌரோ மாமாவின் பேத்திக்கு வயிற்றுப்போக்கு வந்தது கடலோரம் அவர் எழுப்பிய சுவரால்தான் என்று திங்களன்று ஊர்க்கூடத்தில் நான் சொல்லவில்லை. பெரியவரைச் சபையில் தலைகுனிய வைத்தால் காரியம் நடக்காது. இந்தத் தாராவாத் தீவில் எல்லோரும் குப்பையைக் கொட்டித்தான் கடலைத் தடுக்கிறார்கள். அவர் பேத்தியின் அழுக்கு டயப்பரையும் கொட்டியிருந்தார், கிணற்றுக்குப் பக்கத்திலேயே.

"குப்பைக்காரப் பொண்ணே, எல்லாத்தையும் நீ அள்ளிட்டா என் வீடு எதுமேல நிக்கும்?" என்றார். கூடமே சிரித்தது.

"டயப்பரை மட்டும் குடுங்க மாமா. அந்தக் குழிய நானே கல்லு போட்டு நிரப்புறேன்."

"நீயா? அந்த ஒல்லிக் கையாலயா? சரி, பாக்கலாம்."

எனக்குத் தாழம்பாய் ஒன்று அனுப்பு, ஒருத்தி படுக்கும் அளவு போதும். கடிதம் கொண்டுவரும் கப்பல் கிளம்பப்போகிறது, முடித்துவிடுகிறேன்.

மறுநாள் அவர் டயப்பர்களைத் தோண்டிக் கொடுத்தார். நான் கல் சுமந்தேன்.

உன் ரொத்தியா