ஃப்ரூ லின் மூடிய ஊசிப்பெட்டி

மடுமாதா துணை

கொட்டாஞ்சேனை, கொழும்பு
06.11.1988

அன்பான சுஜீவாவின் அப்பாவுக்கு,

மகளும் நானும் சுகம். உங்கள் சுகத்தைத்தான் கேட்க வழியில்லாமல் இருக்கிறோம். இன்றும் காலை பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை கந்தையா முதலாளியின் கடையில் தொலைபேசிக்கு முன்னால் இருந்தோம். இத்தோடு ஐந்து ஞாயிறு. மகள் அரிசிமூட்டையின் மேலேயே நித்திரையாகிவிட்டாள். "லைன் பிழையாக்கும் பிள்ளை" என்றார் முதலாளி. நல்ல மனிதர். ஆனால் லைன் பிழையென்றால் மற்றவர்களுக்கு மட்டும் எப்படி மணி அடிக்கிறது?

எங்களைக் கூப்பிட நீங்கள் போட்ட விண்ணப்பத்துக்கு ஒரு வருடமாகியும் டென்மார்க்காரர் பதில் தரவில்லை. அவர்களுக்கு நான் யாரோ. நீங்களுமா இப்படி?

பெரியண்ணை எங்கள் இருவரையும் கனடாவுக்கு எடுக்க ஒழுங்கு செய்துவிட்டார். ஜனவரி பதினெட்டாம் திகதி நேர்முகம். அங்கே போனால் டென்மார்க்கை மறந்துவிட வேண்டியதுதான் என்கிறார். போகவா, இருக்கவா? நீங்கள் சொல்வதைத்தான் செய்வேன். ஆனால் வாய் திறந்து சொல்லுங்கள்.

உங்கள்
செலீனா

*

ஹோர்சன்ஸ், டென்மார்க்
20.11.1988

அன்பின் செலீனாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே வேலை கூடிவிட்டது. அதனால்தான் தொலைபேசி எடுக்க வசதிப்படவில்லை. பெரியண்ணை சொல்வது சரி. நீயும் மகளும் கனடாவுக்குப் போவதுதான் நல்லது. இங்கே குளிர், மகளுக்கு ஒத்துவராது. என் விண்ணப்பத்தில் ஏதோ பிழை இருக்கவேண்டும், இனி அது சரிவராது. என்னைப் பற்றி யோசிக்காதே. மகளுக்கு என் முத்தங்கள்.

பீற்றர்

*

மடுமாதா துணை

கொட்டாஞ்சேனை
02.12.1988

சுஜீவாவின் அப்பாவுக்கு,

எட்டு வரி எழுதியிருந்தீர்கள், நன்றி. மாக்கிரட் அக்காவின் வீட்டில் நாங்கள் ஒரு அறையில் இருக்கிறோம். அடுத்த அறைகளில் இருப்பவர்கள் எனக்குக் கேட்கும்படியாகவே கதைக்கிறார்கள், அவருக்கு அங்கே ஒரு வெள்ளைக்காரி இருப்பாள் என்று. நான் அழவில்லை. சட்டிகளைத் தேய்த்தேன், மாக்கிரட் அக்காவின் சட்டிகளையும் சேர்த்து.

இருக்கிறாள் என்றால் அதையே எழுதுங்கள். குளிர் ஒத்துவராது என்று எழுதாதீர்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு கனடாவில் மட்டும் வெயிலா எறிக்கிறது? பதில் வராவிட்டால் பதினெட்டாம் திகதி போய்க் கையெழுத்து வைத்துவிடுவேன்.

செலீனா

*

ஹோர்சன்ஸ்
15.12.1988

என் அன்பான செலீனாவுக்கு,

ஒரு பெண் இருக்கிறார். வயது அறுபதுக்கு மேல், சீனத்தி, கிழமைக்கு மூன்று தடவை எனக்கு ஊசி குத்துகிறார். கோபப்படாமல் முழுவதையும் வாசி.

ஒக்டோபர் நான்காம் திகதி இறைச்சித் தொழிற்சாலையில் சுடுதண்ணீரால் தரை கழுவிவிட்டு, வேர்த்த உடம்போடு சைக்கிளில் வந்தேன். காற்றென்றால் அப்படியொரு காற்று. மறுநாள் காலையில் குடித்த தேநீர் வாயின் இடப்பக்கத்தால் வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால் பாதி முகம் தொங்கிக் கிடக்கிறது. இடக்கண் மூடாது, பிளாஸ்டர் ஒட்டித்தான் படுக்கிறேன். உதடு சேராததால் பேச்சும் குழறுகிறது. "மகள்" என்று சொல்லிப் பார்த்தேன், வெறும் காற்றுத்தான் வந்தது. அந்த வாயோடு உனக்கு எப்படித் தொலைபேசி எடுப்பது?

டொக்டர் மாத்திரை தந்து, முகநரம்பு, மூன்று கிழமையில் சரிவரும் என்றார். வரவில்லை. என்னோடு வேலை செய்யும் தம்பிமுத்து அண்ணைதான் ஃப்ரூ லின்னிடம் கூட்டிப்போனார். ஃப்ரூ என்றால் இங்கே திருமதி. வியட்நாமில் பிறந்த சீனர், அங்கிருந்து படகில் வந்தவர், எங்களைப்போல அகதி. தன் வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கிறார். நாக்கை நீட்டச் சொன்னார், மூன்று விரலால் நாடி பிடித்தார். "காற்று உள்ளே போய்விட்டது" என்று ஓட்டை டெனிஷில் சொன்னார். டொக்டர் சொன்னதில் பாதி விளங்கவில்லை, செலீனா. இது விளங்கியது. அந்தக் குசினிக் கதிரையில் இருந்து அழுதுவிட்டேன்.

மயிர்போல மெல்லிய ஊசிகள். காதடியில், புருவத்தில், கன்னத்தில் குத்துகிறார். ஒன்று மட்டும் வலக்கையில், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில். "கோணினது முகம், குத்துறது கையிலையோ?" என்று தம்பிமுத்து அண்ணைக்குச் சிரிப்பு. பிறகு காய்ந்த மூலிகையைச் சுருட்டுப்போலச் சுற்றிக் கொளுத்தி, கன்னத்தில் படாமல் சூடு காட்டுவார். அந்தச் சூடு எவ்வளவு சுகம் என்று எழுதத் தெரியவில்லை. இரண்டு வருடமாக இந்த நாட்டில் என் முகத்தை ஒருவரும் தொட்டதில்லை.

உன் கடிதம் வந்த அன்று நாடியைப் பிடித்துவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டார். தெரிந்த டெனிஷில் சொன்னேன். முகத்தைப் பற்றி மனைவிக்கு எழுதினாயா என்றார். இல்லை என்றேன். ஊசிப்பெட்டியை மூடிவிட்டார். முதலில் கடிதமாம். எழுதிக்கொண்டுபோய்க் காட்டினேன். தமிழில் ஓர் எழுத்தும் தெரியாத மனுஷி கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, காணாது, இன்னும் எழுது என்றார். இரண்டாவதும் காணாதாம். இது மூன்றாவது. பதிவுத்தபால் துண்டைக் காட்டினால்தான் அடுத்த ஊசி.

கனடாவுக்குப் போ என்று எழுதியது பயத்தில். இந்த முகத்தைக் கண்டு மகள் அலறுவாள், நீ பார்க்காததுபோல வேறு பக்கம் பார்ப்பாய் என்று நினைத்தேன். நீ வராவிட்டால் செத்துப்போவேன் என்று எழுதமாட்டேன். சாகமாட்டேன், வேலைக்குப் போவேன். ஆனால் நீ வரவேண்டும். அதுதான் என் விருப்பம்.

உன்
பீற்றர்

*

மடுமாதா துணை

கொட்டாஞ்சேனை
30.12.1988

என் அன்பான சுஜீவாவின் அப்பாவுக்கு,

உங்களுக்கு ஓர் அறை விடவேண்டும்போல இருக்கிறது. எந்தக் கன்னத்தில் என்றுதான் யோசனை.

நான் என்ன, உங்கள் முகத்தின் இடப்பக்கத்தையா கட்டினேன்? மூன்று மாதம் அந்தக் கண்ணோடு தனியே கிடந்திருக்கிறீர்கள். நான் இங்கே உங்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், உங்களிடமும் கேட்கிறேன்.

கனடாவுக்கு வரவில்லை என்று பெரியண்ணைக்கு எழுதிவிட்டேன். ஒரு வருடம் கதைக்கமாட்டார், பிறகு கதைப்பார். டென்மார்க்காரர் இன்னும் இரண்டு வருடம் எடுத்தாலும் இருப்பேன். மகளிடம், "அப்பாவின்ரை முகத்திலை ஒரு பக்கம் நித்திரை கொள்ளுது" என்று சொன்னேன். "அப்ப மெல்லமாக் கதைப்பம்" என்கிறாள்.

ஃப்ரூ லின் அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் இதற்குள் இருக்கிறது. வாசிக்கமாட்டார் என்று தெரியும். அதனால் நீளமாக எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி எடுங்கள். வராத சொல்லை விட்டுவிட்டுக் கதையுங்கள், நான் விளங்கிக்கொள்வேன்.

உங்கள்
செலீனா

*

ஹோர்சன்ஸ்
29.05.1989

என் அன்பான செலீனாவுக்கும் மகளுக்கும்,

அனுமதி வந்துவிட்டது! உங்கள் இருவருக்கும். தொலைபேசியில் சொல்லியிருந்தாலும் எழுத்தில் ஒரு தடவை எழுதிப் பார்க்க ஆசை. மேலிடம் சொல்லித்தான் எங்கள் ஆட்களின் கோப்புகளை இவ்வளவு காலமும் கிடப்பில் போட்டிருந்தார்களாம், பத்திரிகைகளில் வருகிறது. நானோ என் விண்ணப்பத்தில்தான் பிழையென்று என்னையே தின்றுகொண்டிருந்தேன்.

முகம் அநேகமாகச் சரி. சிரிக்கும்போது மட்டும் இடப்பக்கம் கொஞ்சம் பிந்தி வரும். அது இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறார் ஃப்ரூ லின். ஊசியால் சுகமானதா, மாத்திரையாலா, தன்பாட்டில் சுகமானதா என்று டொக்டருக்கே சொல்லத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்தப் பெட்டியை அவர் மூடியிராவிட்டால் இன்று நீ கனடாவில். இந்த நன்றியை எந்தப் பாஷையில் சொல்வதென்று தெரியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் சொன்னார். அவருடைய கணவர் அடுத்த படகில் வருவதாக இருந்ததாம். பத்து வருடமாக ஒரு கடிதமும் இல்லை.

யூன் பதினேழாம் திகதி கொப்பன்ஹேகன் விமான நிலையத்தில் நிற்பேன். இதற்குப் பதில் எழுதாதே, பதிலுக்கு முதல் நீயே வந்துவிடுவாய். தம்பிமுத்து அண்ணை கார் கொண்டுவருகிறார். நீங்களும் வரவேண்டும் என்று ஃப்ரூ லின்னிடம் கேட்டேன், ஓம் என்றுவிட்டார். அன்றைக்கு உடுக்க ஒரு நீலச் சட்டையும் எடுத்து வைத்திருக்கிறார். இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடத்தில் ஒருவரையும் கூட்டிவர அவர் விமான நிலையத்துக்குப் போனதில்லையாம்.

உன்
பீற்றர்