ஏலத்தில் போன தக்காளி

17.8.1986, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. அரூர் சந்தைக்குப் போவதற்குள் நசுங்காத தக்காளி வேண்டும் என்றுதான், நம் நாட்டுத் தக்காளிப் பூவில் கெட்டித்தோல் தக்காளியின் மகரந்தத்தைத் தடவித் துணி கட்டியிருந்தேன். ஒரே ஒரு பழம்தான் பிடித்தது. அதன் விதையில்தான் புது ரகம் இருந்தது.

காலையில் அம்மா அதைப் பறித்து மாதா கோயிலில் காணிக்கையாக வைத்துவிட்டாள். பூசை முடிந்து ஏலமும் விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னாள்.

"துணி கட்டி வெச்சிருந்தியே கண்ணு. மாதாவுக்கு நீ நேந்துகிட்டதா நெனச்சேன்."

ஏலம் எடுத்தவர், கோயிலில் ஞானோபதேசம் சொல்லித்தரும் உபதேசியார். அவர் வீட்டுக்கு ஓடினேன். அவர் மனைவி சிரித்தார்.

"ரசம் வெச்சாச்சே புள்ள. பல்லுல வெதை மாட்டுனா அவருக்கு ஆவாது. காணிக்கைப் பழமாச்சே, குப்பையில போடாம வெதைய முருங்கையடியில ஊத்திட்டேன்."

அங்கே கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. விரட்டிவிட்டு மண்ணைத் துழாவினேன். ஒரு விதைதான் கிடைத்தது. அது மிளகாய் விதையாகவும் இருக்கலாம். காய்ந்ததும் மேலே மெல்லிய ரோமம் தெரிந்தால் தக்காளி, வழவழப்பாக இருந்தால் மிளகாய். விளக்கருகே வைத்து ஊதி ஊதிப் பார்க்கிறேன். இன்னும் ஈரமாகவே இருக்கிறது.